பதினேழு இப்போது இரண்டாம் மாடியில்

பூட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாசலில் யார் வந்து நின்று எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. ஏணி கேட்டால் ஏணி, இடம் கேட்டால் இடம். "ஊர்ல இருக்கிற கதவுக்கெல்லாம் பூட்டுப் போடுறீங்க, நம்ம வாசலுக்கு ஒண்ணு போடத் தெரியலையே" என்று அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். அவர் சிரித்துக்கொள்வார். இந்தக் கதை முழுக்க அந்தச் சிரிப்பால் வந்த வினைதான்.

அவர்கள் குடியிருந்தது ஊரின் பழைய நடுப்பகுதியில், வளைஞ்ச தெருவில். தெரு வளைந்திருந்ததால் அந்தப் பெயர். இதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. வீடுகளுக்கு எண் உண்டு, ஆனால் வரிசை கிடையாது. முதலில் கட்டிய வீடு ஒன்று, அடுத்துக் கட்டியது இரண்டு, அது தெருவின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அதனால் ஒன்றாம் எண் தெருவின் நடுவிலும், இரண்டு கடைக்கோடியிலும், பூட்டுக்காரரின் எட்டாம் எண் முப்பத்தொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலும் இருந்தன. வெளியூர்க்காரர் வந்தால் தலையைச் சொறிவார். எதிர்த்த சலவைக்கடைக்காரர் கை காட்டுவார். வந்தவர் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பூட்டுக்காரருக்கு எண்ணே தேவைப்பட்டதில்லை. அவருக்கு வீடுகள் எல்லாம் பூட்டால்தான் அடையாளம். இது இரட்டைச் சுற்றுச் சாவி வீடு, அது தாழ்ப்பாள் துருப்பிடித்த வீடு, அந்த மூலையில் இருப்பது வருஷத்துக்கு மூன்று தடவை சாவியைத் தொலைக்கிற வீடு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த தெருவுக்குள் ஒருநாள் வீதிப்பெயர், கதவு எண் சீரமைப்பு ஆணையம் வந்து சேர்ந்தது.

முதல் நாள் ஆணையர் தெருமுனையில் நாற்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்று பேசினார். "நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ஜனங்க முகவரியே இல்லாம, வெறும் வீட்டுல வாழ்ந்துட்டு இருந்தாங்க. நினைச்சுப் பாருங்க, வெறும் வீட்டுல. அதை நினைச்சு நான் எத்தனை நாள் சாப்பிடாம இருந்திருக்கேன் தெரியுமா?" ஆணையரின் உடம்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, ஆனாலும் கூட்டம் மரியாதைக்குத் தலையாட்டியது. "அப்புறம் இந்தப் பேரு. வளைஞ்ச தெரு. ஒரு தெருவுக்கு வைக்கிற பேரா இது? இங்க பொறக்கிற குழந்தையோட மனசு எப்படி நேரா வளரும்? இன்னியிலிருந்து இது முன்னேற்ற நேர்வீதி."

சலவைக்கடைக்காரர் மெல்லக் கேட்டார். "தெரு வளைஞ்சுதானேங்க இருக்கு?"

"தெரு வளைஞ்சிருக்கலாம். ஆவணத்துல நேரா இருக்கு. ஜனங்க ஆவணத்தைப் பார்த்து நடக்கப் பழகிக்கணும்."

அடுத்தது எண். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்று முடிவானது. எது இடப்பக்கம் என்பதில்தான் இழுபறி. கடைசியில், ஆணையர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ அதற்கு இடப்பக்கமே இடப்பக்கம் என்று எழுத்துமூலம் உத்தரவானது. அன்று பிற்பகல் அவர் டீ வாங்கிக்கொள்ளத் திரும்பியதில் மூன்று வீடுகளுக்கு எண்ணை அழித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அந்த டீ பூட்டுக்காரர் வீட்டு டீ. ஏனென்றால் அதற்குள் ஆணையத்தின் கண்காணிப்பாளர், சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருக்கும் ஒரு மெலிந்த மனிதர், பூட்டுக்காரரின் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"ஐயா, ஒரு மேசை போட இடம், ரெண்டு நாற்காலி. முகாம் அலுவலகத்துக்கு. ரெண்டே நாள்."

"அதுக்கென்னங்க, உள்ள வாங்க" என்றார் பூட்டுக்காரர்.

ரெண்டு நாள் நாற்பது நாளானது. முன்னறை முழுக்கப் பதிவேடும் பெயின்ட் டப்பாவும் அளவு நாடாவும். பூட்டுக்காரர் தன் பட்டறை மேசையை எடுத்துப்போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டார். மனைவி பதினோரு பேருக்கு நாளைக்கு நாலு வேளை டீ போட்டாள். வாசலில் 'முகாம் அலுவலகம்' என்று பலகை தொங்கியது. அதன் கீழே புத்தம்புதுத் தகரத் தகடு: 17. வீட்டுக்கு இப்படி ஒரு மரியாதை வந்ததில் பூட்டுக்காரருக்கு உள்ளூரப் பெருமைதான். போகிற வருகிற போதெல்லாம் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போவார்.

அந்த நேரத்தில்தான் அவர் மகள் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். எந்த இலாகாவில் வேலை என்று பிறகு தபாலில் உத்தரவு வரும், முகவரியைத் தெளிவாக எழுது என்றார்கள். புது எண்ணைத்தான் எழுத வேண்டும் என்று கண்காணிப்பாளரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எண் 17, முன்னேற்ற நேர்வீதி என்று அவள் குண்டு குண்டாக எழுதி அனுப்பினாள். பத்து வருஷப் படிப்பு அந்த ஒரு உறைக்காகக் காத்திருந்தது.

நாற்பதாம் நாள் முகாம் கலைந்தது. ஆட்கள் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பொருளாக வண்டியில் ஏற்றினார்கள். மேசை, பெயின்ட், நாடா, பலகை. பிறகு ஒருவர் திருப்புளியை எடுத்து, 17 என்ற தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார். பூட்டுக்காரரின் ரெண்டு நாற்காலிகளும் போயின. நாற்பது நாளில் எப்போதோ அவற்றின் முதுகில் ஆணையத்தின் உடைமை எண்ணை யாரோ எழுதியிருந்தார்கள். பூட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண்காணிப்பாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க வீட்டு டீயை மறக்கவே மாட்டேங்க" என்றார். வாயெடுத்தது அப்படியே நின்றுபோனது.

ஒன்பது நாள் கழித்துத் தபால்காரர் வந்தார். தபால்காரர் வேறு யாருமில்லை, பூட்டுக்காரர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பையிலிருந்து நீளமான ஒரு உறையை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"பாப்பாவுக்கு வேலை உத்தரவு வந்தாச்சு மாமா. அரசாங்க முத்திரையைப் பாருங்க."

மகள் கையை நீட்டினாள். தபால்காரர் உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கதவு எண் எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்களே மச்சான்" என்றார் பூட்டுக்காரர்.

"அப்ப எப்படி மாமா குடுக்கிறது? புது விதி. எண் தகடு இல்லாத கதவுல தபால் குடுத்தா என் வேலை போயிடும்."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏன்டா, உன்னை இந்த இடுப்புல தூக்கி வளர்த்தவடா நான். இது யாரு வீடுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா உறைமேல இடுப்பு இல்லையே, பதினேழுதானே போட்டிருக்கு."

பதினைந்து நாள் வரை தபாலை வைத்திருக்கலாம், அதற்குள் வாங்கிக்கொள்ளாவிட்டால் வேலை வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவும் விதி. தினமும் ஒருமுறை முயற்சி செய்ய வேண்டும் என்பது இன்னொரு விதி. எனவே தபால்காரர் தினமும் வந்தார். நாற்காலி இல்லாததால் முன்னறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா கொடுத்த டீயைக் குடித்தார். உறையை மருமகளிடம் தூரத்திலிருந்து காட்டினார். பிறகு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, 'வீட்டைக் காணவில்லை' என்று எழுதி, மணியைக் குறித்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் நாலாம் நாள் சாப்பிடவில்லை. பூட்டுக்காரர் எந்தப் பூட்டிடமும் தோற்றதில்லை. வீட்டுக்குள் வந்து போகிற ஒரு காகிதத்தை எட்டிப் பிடிக்க முடியாமல் தோற்பது அவருக்குத் தாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர்.

"என் வீட்டுக்கு எண் வேணுங்க."

"முகவரியைத் தெளிவாப் போட்டு விண்ணப்பம் குடுங்க. பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

"முகவரி இல்லைன்னுதாங்க விண்ணப்பமே."

"முகவரி இல்லாத விண்ணப்பத்தை எடுத்துக்கக் கூடாதுங்க. பதில் எங்க அனுப்புறது?"

பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுத்தர் சொன்னதில் எங்கே தப்பு என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. படியேறி இரண்டாம் மாடிக்குப் போனார்.

இரண்டாம் மாடியின் நீண்ட நடைக்கூடத்தில் நுழைந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. எதிர்ச்சுவரில் 17. அவர் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய அதே தகடு. அதன் கீழே அவருடைய ரெண்டு நாற்காலிகள். நடந்து வந்த களைப்பில் ஒன்றில் உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க. அது அலுவலக நாற்காலி. பொதுமக்கள் உட்காரக் கூடாது" என்று ஒருவர் ஓடி வந்தார்.

அதற்குள் கண்காணிப்பாளர் வந்துவிட்டார். "அடடே, வாங்க வாங்க. உங்க வீட்டு டீ குடிச்சப்புறம் இங்க எதுவும் தொண்டைல இறங்க மாட்டேங்குது" என்றார். விஷயத்தைக் கேட்டதும் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "பதினஞ்சு, சலவைக்கடைக்காரரோட அண்ணன் வீடு. பத்தொம்பது, தையல்காரம்மா வீடு. நடுவுல பதினேழு, ஆணையத்தின் முகாம் அலுவலகம். உங்க வீடுன்னு ஒண்ணு இதுல இல்லையே."

"முகாம் எங்க வீட்டுலதானேங்க நடந்தது?"

"நாங்க எழுதும்போது வாசல்ல என்ன பலகை இருந்தது?"

"முகாம் அலுவலகம்னு."

"அப்ப சரியாத்தானே எழுதியிருக்கு. முகாம் இங்க திரும்பிடுச்சு, பதினேழும் கூடவே வந்துடுச்சு. எண் அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. நீங்கதான் இடம் மாறி இருக்கீங்க."

"அப்ப எங்களுக்கு வேற எண் குடுங்க."

"பதினஞ்சுக்கும் பத்தொம்பதுக்கும் நடுவுல எந்த ஒற்றைப்படை எண் இருக்கு, நீங்களே சொல்லுங்க."

பூட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. பழைய எட்டு கிடைக்குமா என்று கேட்டார். எட்டு இப்போது எதிர்த்த சலவைக்கடை. பதினேழு ஏ போடலாம், ஆனால் அதற்குப் பதினேழின் குடித்தனக்காரர், அதாவது ஆணையம், கூடிப் பேசிச் சம்மதிக்க வேண்டும். ஆணையரோ வெளிநாடுகளில் கதவு எண்கள் எப்படி இருக்கின்றன என்று நேரில் பார்வையிட அன்று காலைதான் விமானம் ஏறியிருந்தார்.

பூட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்துக் கண்காணிப்பாளருக்கு மனசு இளகியது. நாற்பது நாள் டீ சும்மா விடுமா? குரலைத் தாழ்த்திச் சொன்னார். "விதியில ஒரு வழி இருக்கு. பதினேழு காலியாத்தான் கிடக்கு. யாராவது குடும்பமா வந்து குடியிருந்தா நாங்க வேணாம்னு சொல்ல முடியாது. குடியிருப்புச் சான்று நானே குடுத்துடுவேன். தபால் இங்கயே வந்துடும்."

மறுநாள் காலை இரண்டாம் மாடி நடைக்கூடத்துக்கு ஒரு கட்டில் வந்தது. அடுப்பு வந்தது. பாத்திரங்கள், துணி உலர்த்தும் கொடி, தடுப்புக்கு ஒரு பூப்போட்ட திரை, எல்லாம் வந்தன. பூட்டுக்காரரின் மனைவி கடைசியாகப் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "சொந்த வீட்டைப் பூட்டிட்டு ஆபீஸ்ல குடித்தனம். எங்க அம்மா அப்பவே சொன்னாங்க."

கண்காணிப்பாளர் படிவத்தோடு வந்தார். கட்டில், உண்டு. அடுப்பு, உண்டு. துணிக்கொடி, உண்டு. "இங்க நிஜமாவே ஒரு குடும்பம் நடக்குதுன்னு நான் எதை வெச்சு நம்புறது?" என்று பேனாவால் தலையைத் தட்டிக்கொண்டார்.

அந்தச் சமயம் பூட்டுக்காரர் அடுப்பை ஜன்னலோரம் வைத்தார்.

"அங்க வெச்சா காத்துல அணைஞ்சு போகாது?" என்றாள் மனைவி.

"இங்க வெச்சா புகை ஆபீசுக்குள்ள போகும்."

"போகட்டும். அவங்களாலதானே இந்தக் கூத்து. எல்லாம் உங்களால. யாரு வந்து கேட்டாலும் உள்ள வாங்க, உள்ள வாங்க. எமன் வந்தாலும் நாற்காலி போடுவீங்க."

"நாற்காலிதான் போயிடுச்சே" என்றார் பூட்டுக்காரர்.

அதற்கு அவள் சொன்ன பதில் ஏழு நிமிடம் நீடித்தது. அதில் அவருடைய அக்காள், தங்கை, மறைந்த அப்பா எல்லாரும் வந்து போனார்கள். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'குடும்பம் வசிப்பது ஐயத்துக்கிடமின்றி உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனாலும் சான்று முத்திரைக்குப் போய்த் திரும்ப நாளாயிற்று. அதுவரை குடும்பம் அங்கேயே கிடந்தது. ரெண்டாம் நாளே அலுவலகம் முழுக்க டீ கேட்டு வந்துவிட்டது. நடைக்கூடத்தில் பதினொரு வருஷமாகச் சாவி தொலைந்து திறக்காமல் நின்ற ஒரு இரும்பு அலமாரியைப் பூட்டுக்காரர் பொழுது போகாமல் கம்பியால் திறந்தார். உள்ளே ஆணியில் அந்த அலமாரியின் சாவி மட்டும் தொங்கியது. எல்லாரும் வந்து பார்த்தார்கள். பதிவேட்டில் 'பூட்டப்பட்டது' என்று இருப்பதால் சாவியை உள்ளேயே வைத்து மறுபடி பூட்டிவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். பூட்டுக்காரர் பூட்டிவிட்டார்.

பதினைந்தாம் நாள், உறை திரும்பிப் போக அரை மணி நேரம் இருக்கும்போது சான்று வந்தது. பின்னாலேயே தபால்காரர் படியேறி வந்தார். சுவரில் இருந்த தகட்டை உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். திரையை விலக்கி, தன் அக்கா மகளைப் பார்த்து, "இந்த முகவரியில் இப்படி ஒருத்தங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா."

"கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டதும் உறையைக் கொடுத்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். பாவம், பதினைந்து நாளும் அவரும் ராத்திரி தூங்கியிருக்கவில்லை.

மகள் உறையைப் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து நடைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"வேலை எங்கம்மா?" என்றார் பூட்டுக்காரர்.

"இங்கதாம்பா" என்றாள் அவள். வீதிப்பெயர், கதவு எண் சீரமைப்பு ஆணையம், இரண்டாம் மாடி, இளநிலை எழுத்தர். கட்டிலிலிருந்து அவள் மேசை ஏழடி தூரம்.

உத்தரவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. முப்பது நாளுக்குள் முகவரி நேரில் சரிபார்க்கப்படும். இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று தெரிந்தால் நியமனம் ரத்து. அதனால் குடும்பம் அங்கேயே இருந்தது. காலையில் மகள் தலைவாரிக்கொண்டு, திரையை விலக்கி, அம்மாவிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஏழடி நடந்து வேலைக்குப் போனாள். நேரம் தவறாமைக்கு இரண்டே வாரத்தில் பாராட்டும் வாங்கினாள்.

இருபதாம் நாள் ஆணையர் வெளிநாட்டிலிருந்து திரும்பினார். நடைக்கூடத்தில் வரும்போது அவர் நெற்றியில் பூட்டுக்காரரின் ஈரச் சட்டை இடித்தது.

"இது யாரு வீடு?"

"பதினேழுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"பதினேழு நம்ம ஆபீஸ்."

"ஆமாங்க. அதுலதான் குடியிருக்காங்க."

ஆணையரின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "வீடு எங்க இருக்கணும்னு வீட்டுக்காரன் முடிவு பண்றதா? அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்? நாலு நாடு சுத்திப் பார்த்துட்டு வரேன். அங்கெல்லாம் ஜனங்களைக் கண்ணால பார்க்கவே வேண்டியதில்ல, எண் மட்டும் போதும். அவ்வளவு முன்னேறிட்டாங்க. இங்க என்னடான்னா எண்ணுக்குக் கீழ ஆளு வந்து உட்கார்ந்திருக்கான். நாளைக்குள்ள இந்த ஆக்கிரமிப்பைக் காலி பண்ணுங்க."

கோப்பு கண்காணிப்பாளரிடமிருந்து கண்காணிப்பாளருக்குக் கீழே உள்ளவருக்கும், அவரிடமிருந்து அவருக்குக் கீழே உள்ளவருக்கும் இறங்கி, கடைசியில் அலுவலகத்திலேயே கடைசியாகச் சேர்ந்தவர் மேசையில் வந்து விழுந்தது. மகள் அதைப் படித்தாள். எழுந்து ஏழடி நடந்து வந்தாள்.

"அப்பா, இங்க ஒரு கையெழுத்து. உங்களைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ்."

பூட்டுக்காரர் கட்டிலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இங்கிருந்து போனா உனக்கு வேலை போகும். போகலைன்னா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவாங்க. பத்து வருஷம் படிச்சியேம்மா. எல்லாம் என்னால. அன்னிக்கு ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா." அவர் கண் கலங்கியது. மனைவி வந்து அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்தைப் போடுங்கப்பா" என்றாள் மகள். "விதியை முழுசாப் படிச்சுட்டேன்."

திரும்பிப் போய் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். ஆக்கிரமிப்பாளரின் உடைமைகள் பட்டியல். ஆக்கிரமித்த இடத்தில் எதுவும் மிச்சமில்லாமல் அகற்றி, அலுவலக வண்டியில் ஏற்றி, ஆக்கிரமிப்பாளர் காட்டும் இடத்தில் இறக்க வேண்டும். எந்தப் பொருள் எப்படி இருந்ததோ அப்படியே அங்கே அமைத்துக் கொடுக்க வேண்டும். அவள் தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: கட்டில் ஒன்று. அடுப்பு ஒன்று. பாத்திரம் பதினான்கு. துணிக்கொடி ஒன்று. பூப்போட்ட திரை ஒன்று. மர நாற்காலி இரண்டு. தகரத் தகடு, சுவரில் திருகியது, ஒன்று.

கையெழுத்துப் போடும் முன் அந்த அலுவலகத்தில் யாராவது எப்போதாவது படித்திருக்கிறார்களா என்று தெரியாது. கண்காணிப்பாளர் போட்டார். ஆணையர் அன்று மாலை நடக்கவிருந்த தன் பயணச் சொற்பொழிவைத் திருத்திக்கொண்டே போட்டார். சாமான் அகற்றும் ஆட்கள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசியில் சுவரண்டை நின்று, "திருகியிருக்குங்களே, திருப்புளி யார்கிட்ட இருக்கு?" என்றார்கள்.

பூட்டுக்காரர் பையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினார். மகளின் காதருகே போய், "இது தப்பில்லையாம்மா?" என்று கேட்டார்.

"பட்டியல்ல இருக்குப்பா" என்றாள் அவள்.

அன்று மாலை வளைந்த நேர்வீதியில் அரசாங்க வண்டி வந்து நின்றது. ஆட்கள் கட்டிலை இறக்கினார்கள், அடுப்பை இறக்கினார்கள், ரெண்டு நாற்காலிகளையும் முன்னறையில் போட்டார்கள். இருந்தபடியே அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் தகட்டை வாசல் சுவரில் நாலு திருகாணி போட்டு இறுக்கினார்கள். வேலை திருப்தியாக முடிந்தது என்று பூட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சலவைக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்து கை தட்டினார். இருபத்தெட்டாம் நாள் முகவரி சரிபார்க்க ஒருவர் வந்தார். தகட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், படிவத்தில் சரி போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். வேலை நிரந்தரமாயிற்று.

இதற்கப்புறம் ஆணையத்தின் இரண்டாம் மாடிக்குத் தபால் வருவது நின்றுபோனது. தபால்காரர் வராமல் இல்லை. தினமும் படியேறி வந்தார். ஆணையருக்குப் பதவி உயர்வு உத்தரவு என்று ஒரு நீளமான உறையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். பிறகு வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு, 'அலுவலகத்தைக் காணவில்லை' என்று நோட்டில் எழுதி, மணியைக் குறித்துக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் காலை பூட்டுக்காரர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கண்காணிப்பாளர். வியர்த்து வழிந்தது. பின்னால் ஒரு வண்டி, அதில் பதிவேடுகள், பெயின்ட் டப்பாக்கள்.

"ஐயா, ஒரு எண் காணாமப் போயிடுச்சு. அது சம்பந்தமா இந்தப் பக்கம் ஒரு சின்ன விசாரணை முகாம். ஒரு மேசை போட இடம், ரெண்டு நாற்காலி. ரெண்டே நாள்." அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் 17 பளபளத்தது.

பூட்டுக்காரர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் சட்டென்று நின்றது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஒரு கால் செருப்போடு அப்பாவையே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அது கடைசிவரை வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"அதுக்கென்னங்க" என்றார். "முகவரியைத் தெளிவாப் போட்டு விண்ணப்பம் குடுங்க. பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

கண்காணிப்பாளர் இதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. அவருக்குப் பழகிய பாஷை அது. முறைப்படி நடப்பதில் அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து, நாலு பேனாவில் ஒன்றை எடுத்தார். அனுப்புநர் என்று எழுதினார். தன் பதவியை எழுதினார். ஆணையத்தின் முழுப் பெயரையும் எழுதினார். இரண்டாம் மாடி என்று எழுதி, காற்புள்ளி வைத்து, கதவு எண் என்று எழுதினார்.

பேனா அங்கே நின்றது. பூட்டுக்காரர் சாவகாசமாக ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, உட்கார்ந்து, காத்திருந்தார்.